மனை வணிகமும் மலை நிலமும்



கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதுமுதல் அந்நகரைச் சூழ்ந்த கொல்லைகளில் கரும்பும் நெல்லும் விளைந்த இடத்தில் எல்லைக்கற்கள் விளையலாயின. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பெற்றது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கு வீரசோழபுரத்துக் கோயில் நிலம் குறிக்கப்பெற்று, அது சென்னை உயர்முறைமன்றம் வரை வழக்காகச் சென்றது. அரசு எவ்விடத்தில் ஒரு முளை அடித்தாலும், மறுநாளே அதனைச் சுற்றி நூறு முளைகளை அடித்துவிட்டு, 'இன்றைய விலை நாளை இராது' என்று கூவுகின்ற கூட்டமொன்று கிளம்பிவிட்டது. தமிழன் உழுத கொல்லைக்கு 'கார்டன்' என்றும் 'சிட்டி' என்றும் ஆங்கிலப் பெயரைச் சூட்டித் தமிழனுக்கே விற்கின்றது அக்கூட்டம்.

இதில் ஏமாறுவோர் பெருஞ்செல்வர் அல்லர். முப்பதாண்டு பள்ளியில் பாடஞ்சொல்லி ஓய்வு பெற்ற ஆசிரியர். படையினின்று திரும்பிய வீரர். ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிய உழவர். மனைவியின் கழுத்தணியை விற்றுப் பணம் கொணர்ந்த இளைஞர். இவர்கள் வாழ்நாள் உழைப்பெல்லாம் ஒரு துண்டு மண்ணில் புதைகின்றது. ஆகலின் இதனை எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும்.

முதற்கண் கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ஒருவர் எட்டு இலக்கம் உருபாவிற்கு மனையொன்றை வாங்குகின்றார். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஏழும், பதிவுக் கட்டணம் நூற்றுக்கு இரண்டுமாக 72,000 உருபா செல்கின்றது. பன்னிரண்டு இலக்கத்தில் வீடு எழுப்புகின்றார். ஆக முதல் 20,72,000 உருபா. திங்களுக்கு 6,000 உருபா குடிக்கூலி வருமெனின் ஆண்டிற்கு 72,000. ஆண்டில் ஒரு திங்கள் வீடு பூட்டிக் கிடந்தால் 6,000 குறையும். வீட்டுவரிக்கும் பழுதுபார்ப்பிற்கும் 10,000 போகும். எஞ்சுவது 56,000. போட்ட முதலுக்கு நூற்றுக்கு மூன்று உருபாவும் தேறவில்லை! வங்கியில் நிலைவைப்பாகப் போட்டு வைத்தாலும் இதனினும் மிகுதியாகக் கிடைக்கும். கடன் வாங்கிக் கட்டியவர்க்கோ வட்டியே இதனைப்போல் மும்மடங்கு ஆகிவிடும்.

'மனையின் விலை ஏறுமே' என்பர் தரகர். ஏறலாம், ஏறாமலும் கிடக்கலாம். வீட்டின் மதிப்பு அதில் குடியிருப்போன் தரவல்ல கூலியைப் பொறுத்தது. கள்ளக்குறிச்சியில் குடிக்கூலிக்கு வருவோர் யாவர்? அலுவலகப் பணியாளர், செவிலியர், மாணவர், அரிசி ஆலைத் தொழிலாளர், சிறு கடைக்காரர். அவர்தம் வருவாய் ஏறாமல் மனைவிலை மட்டும் ஏறுமெனின், அது காற்றில் கட்டிய மாடமே. ஆகலின் விலையைக் கேட்குமுன் அத்தெருவிலுள்ள குடிக்கூலியைக் கேளுங்கள். தரகரிடம் கேளாதீர்கள், அங்குக் குடியிருப்போரிடமே கேளுங்கள்.

அடுத்து ஆவணம். 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், விளைநிலங்களை ஒப்புதலின்றி மனைகளாக்கி விற்பதைப் பதிவு செய்யக்கூடாதெனச் சென்னை உயர்முறைமன்றம் தடை விதித்தது. அதன்பின் 2017-இல் அரசு வரன்முறை விதிகளை வகுத்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாயின், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்ற பின்னரே விளம்பரம் செய்தல் வேண்டும். இதனை வாங்குவோருள் எத்துணைப் பேர் கேட்கின்றனர்? முப்பதாண்டுக்குக் குறையாத 'வில்லங்கச்' சான்றைப் பார்த்தோர் எத்துணைப் பேர்? ஓடையும் ஏரிவாயும் கோயில் நிலமும் புலப்படத்தில் எங்குள்ளன என்று அளந்து பார்த்தோர் எத்துணைப் பேர்?

பாராமைக்கு ஒரு காரணம் உண்டு. 'கிரயம்' என்றும் 'சிட்டா' என்றும் 'தசுதாவேசு' என்றும் அயற்சொற்களை அடுக்கி எழுதிய ஆவணத்தைக் கண்டு தமிழன் மருள்கின்றான். தன் மண்ணைப் பற்றிய எழுத்தே தனக்கு விளங்காதிருப்பதால், விளக்குவோனாகிய தரகன் கையில் சிக்குகின்றான். விற்பனை ஆவணம் எளிய தமிழில் எழுதப்பெற்றால், பாதி ஏமாற்றம் அன்றே ஒழியும். ஆவணம் எழுதுவோரிடம் தமிழில் எழுதித் தரக் கேளுங்கள்; ஒவ்வொரு வரியும் விளங்கிய பின்னரே கையெழுத்திடுங்கள்.

இனி, இவற்றினும் பெரியதொரு தீங்கைச் சொல்லுதல் வேண்டும். சமவெளியில் விலையேற்றிய கூட்டம் இக்கால் கல்வராயன் மலைமீதும் கண் வைத்துள்ளது. அருவியும் குளிர்காற்றும் உள்ள இடத்தில் விடுதி கட்டினால் பணம் கொழிக்கும் என்று ஆசை காட்டுகின்றனர்.

அம்மலையின் வரலாற்றை அறிவீர்களா? சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று சாகீர்தார்களின் கீழ் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாய் இருந்தனர். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழிந்து, 1976-இல்தான் அம்மலை அரசின் நேர் ஆளுகைக்கு வந்தது. 2024 சூனில் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதிற்கும் மேற்பட்டோரைக் கொன்ற பின்னர், உயர்முறைமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலைமக்களின் நிலையை வழக்காக எடுத்தது. சாலைக்கும் மருத்துவத்திற்கும் இன்னும் ஏங்கும் அம்மக்களிடம் உள்ள ஒரே பற்றுக்கோடு, சாமையும் மரவள்ளியும் விளையும் அச்சிறு நிலமே!

2006-ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம் வழங்கும் நிலவுரிமை, வழிவழி பிள்ளைகளுக்குச் செல்லுமேயன்றி விற்கவோ கைமாற்றவோ இயலாதது. கட்டுப்பாட்டுடன் அரசு ஒப்படை செய்த நிலத்தையும் விருப்பம்போல் விற்றல் ஒல்லாது. அவ்வாறிருக்க, வெறுந்தாளில் கைச்சாத்து வாங்கியும், 'குத்தகை' என்று பெயரிட்டும் அந்நிலத்தை வளைப்போன் மலைமகனைக் கொள்ளையிடுகின்றான். அவனிடம் வாங்குவோன் தன் பணத்தையும் இழக்கின்றான். மேலும், கோமுகியும் மணிமுத்தாறும் அம்மலையில் பிறப்பன. மலையை மனையாக்கினால், கள்ளக்குறிச்சியின் கேணிகள் எவ்வூற்றால் நிறையும்?

வீடு கட்டிக் குடிவைத்தலைக் குற்றமென்று யாம் கூறவில்லை. அது முறையான தொழிலே. முறையாகச் செய்யுங்கள். 2017-இல் இயற்றப்பெற்று 2019-இல் நடைமுறைக்கு வந்த குடிக்கூலிச் சட்டப்படி உடன்பாட்டை எழுத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். வேறு உடன்பாடு இருந்தாலொழிய, மூன்று திங்கள் கூலிக்கு மேல் முன்பணம் பெறுதல் அச்சட்டத்திற்கு மாறானது. குடியிருப்போனும் நம்மவனே, அவன் வயிற்றிலடித்து வளர்ந்த செல்வம் நிலைப்பதில்லை.

ஆகலின் தமிழரே! குடிக்கூலியால் விலையை அளந்து வாங்குங்கள். ஆவணத்தைப் படித்து வாங்குங்கள். அடுத்தவன் உரிமையில் கைவையாது வாங்குங்கள். மலைநிலத்தை விலைபேசி வருவோன் எவனாயினும், 'அது விற்பனைக்கு உரியதன்று' என்று அவன் முகத்திற்கு நேரே சொல்லி அனுப்புங்கள்!