சூளை சொல்லிவிடும்

விருத்தாசலத்துக்குச் செல்லும் யாத்திரிகர்கள் பழமலைநாதரைத் தரிசித்துவிட்டு அடுத்த ரயிலுக்குத் திரும்பிவிடுவது வழக்கம். அவ்வூரில் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அதுதான் பீங்கான் தொழிற்பேட்டை. கார்த்திகை அகல்களும் பொம்மைகளும் பியூஸ் கேரியர்களும் அங்குள்ள சூளைகளிலிருந்து வருகின்றன. இத்தொழிலைக் கற்பிக்கவென்றே அரசாங்கக் கலாசாலை ஒன்றும் அங்கே இருக்கிறது. கலாசாலைப் போதனையைப் பற்றி நாம் சொல்ல வந்ததற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

கோப்பை செய்தவன் எங்கேனும் தவறியிருந்தால், சூளையைத் திறந்த அன்றே அது தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்த ஆசிரியருக்கோ, விடைத்தாளைத் திருத்தும்போதுகூடத் தெரிவதில்லை. ஏனெனில் அதில் பெரும்பாலும் அவருடைய வார்த்தைகளே திரும்பி வருகின்றன!

"களிமண் உலரும்போது ஏன் சுருங்குகிறது?" என்று கேட்டால், "ஈரம் போவதால்" என்று வகுப்பு முழுவதும் எழுதும், முழு மதிப்பெண்ணும் பெறும். கேள்வியைச் சற்றே திருப்புவோம். உலர வைத்த கோப்பை சுருங்குவது நின்றுவிட்டது. அதில் இன்னும் ஈரம் இருக்குமா, இராதா? "இராது" என்றே சொல்லத் தோன்றும். உண்மை வேறு. மண் துகள்களுக்கு நடுவே உள்ள நீர் போகப் போக அவை நெருங்குகின்றன; ஒன்றையொன்று தொட்டதும் சுருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். அப்பொழுதும் இடுக்குகளில் நீர் தங்கியிருக்கும். காய்ந்துவிட்டதென்று நம்பி அதைச் சூளையில் ஏற்றி அவசரமாகச் சூடேற்றினால், அந்த நீர் ஆவியாகிக் கோப்பையைச் சிதறடிக்கும். முழு மதிப்பெண் பெற்ற பிள்ளையும் இதைச் செய்யக்கூடும்.

இது பீங்கானுக்கு மட்டும் உரிய சங்கடம் அன்று. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் பௌதிகம் போதித்த எரிக் மஸூர், மாணவர்கள் மெச்சிய ஆசிரியர். 1990-இல் அவர் தம் வகுப்பில் நியூட்டனின் விதிகளைப் பற்றிச் சில எளிய கேள்விகளைக் கேட்டார். கடினமான கணக்குகளைப் போட்டவர்களே இவற்றில் தடுமாறினார்கள். "நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி விடை எழுதுவதா, நாங்கள் நினைக்கிறபடி எழுதுவதா?" என்று ஒரு மாணவி கேட்டாளாம். ஆசிரியரின் பௌதிகம் ஒரு பக்கமும் அவளுடைய பௌதிகம் மறுபக்கமும், ஒன்றையொன்று சந்திக்காமலே வருஷம் கழிந்திருக்கிறது.

அடுத்த வருஷம் முதல் மஸூர் தம் முறையை மாற்றினார். சிறிது நேரம் விளக்கிவிட்டு ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொருவரும் தனியே விடை குறிக்க வேண்டும். பிறகு பக்கத்திலிருப்பவரோடு வாதாடி, மறுபடியும் விடை சொல்ல வேண்டும். பலர் தவறினால் மேலே போகமாட்டார். அங்கேயே நின்று மீண்டும் விளக்குவார். பத்து வருஷ அனுபவத்தில் பலன் கண்டதாக 2001-இல் அவரும் அவருடைய சகாவும் எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் இதைச் சொன்னால், "பாடத்திட்டத்தை யார் முடிப்பது?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முடிந்தது பாடத்திட்டமா, பிள்ளையின் பொறுமையா என்பதையும் விசாரிக்க வேண்டாமா?

பக்கத்து மாணவனுடன் வாதாடும் ஏற்பாட்டில் நம்மவர்க்கு மற்றொரு லாபமும் உண்டு. பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, கலாசாலையில் ஆங்கிலப் பாடத்தின் முன் வாய் திறக்க அஞ்சும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த ஐந்து நிமிஷம் அவர்கள் தமிழில்தான் பேசுவார்கள். குயவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் அங்கே இருந்தால், பச்சைப் பானையை முதலில் நிழலில் வைப்பது எதற்கு என்று அவனால் சொல்ல முடியும். ஒரு பக்கம் சீக்கிரமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுருங்கினால் விரிசல் காணும் என்பதை அவன் வீட்டிலேயே கண்டிருப்பான். புத்தகத்தில் உள்ளதும் அதுவே என்று அவனுக்கு அன்று தெரியவரும். மற்றப் பிள்ளைகளுக்கும் விஷயம் விளங்கும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. மாணவருக்கு அ, ஆ, இ என்று எழுதிய மூன்று அட்டைகள் போதும். ஆசிரியருக்கு வேண்டியது நல்ல கேள்வி. அதைத் தயாரிப்பதுதான் சிரமம். பிள்ளைகள் எந்த இடத்தில் எப்படித் தவறாக நினைப்பார்கள் என்று அறிந்தவரே அத்தகைய கேள்வியை எழுத முடியும். தம் வகுப்பில் அவ்விதம் கேட்டுப் பார்த்த ஆசிரியர்கள் அக்கேள்விகளை நமக்கு அனுப்பினால், இப்பகுதியில் மகிழ்ச்சியுடன் பிரசுரிப்போம்.