கொடி மாறுது, கேள்வி மாறல

குமணன் என்றால் தமிழ் வாத்தியார்களுக்குப் புறநானூறு ஞாபகம் வரும். தம்பி ஆட்சியைப் பிடுங்கிக்கொள்ள, காட்டுக்குப் போன மன்னன். பரிசில் கேட்டு வந்த புலவனிடம், என் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பொருள் வாங்கிக்கோ என்று வாளை நீட்டியவன். அந்தப் பெயரைச் சுமக்கிற குமணன்சாவடியில்தான் குடியிருக்கிறேன். இங்கே ஆட்சி மாறினால் எந்த மன்னனும் காட்டுக்குப் போவதில்லை. எங்கள் பையன்கள்தான் வேலையில்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள்.

2021 பிப்ரவரி. நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளைக்கு ஒரு பட்டறை முதலாளி வந்தார். அம்பத்தூர்ப் பக்கம் லேத் பட்டறை. பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். கடன் கணக்கைப் புதுப்பிக்க வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்க தெருப் பையன் ஒருத்தன் ஐ.டி.ஐ.யில் டர்னர் முடிச்சிட்டுச் சும்மா இருக்கான், சேத்துக்குங்களேன் என்றேன்.

"எலெக்‌ஷன் வருது சார். எந்த ஆட்சி வரும், கரண்டு பில்லு என்னாவும், ஒண்ணும் புரியல. மே மாசம் தாண்டட்டும், பாக்கலாம்."

நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன். எழுந்து போகும்போது திரும்பி ஒரு கேள்வி கேட்டார்: "பையன் வீடு எந்தப் பக்கம்?" சொன்னேன். "ஓ" என்றார். அவ்வளவுதான்.

மே 7-ஆம் தேதி ஆட்சி மாறியது. ஊரடங்கு தளர்ந்தது, ஆடியும் கழிந்தது. பட்டறைக்கு நாலு பேரைப் புதுசாக எடுத்தார். ஒருவன் மச்சான் மகன். மற்ற மூணு பேரும் அவர் சொந்த ஊர், சொந்த சாதி. "தெரிஞ்ச பசங்க சார், நம்பிக்கைதானே முக்கியம்" என்றார் என்னிடமே. எங்கள் டர்னர் பைக்கில் வீடு வீடாகச் சோத்துப் பொட்டலம் கொண்டுபோகிறான்.

சிறுதொழில்காரன் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. 2008 முதல் மின்வெட்டு பட்டறைகளைப் படுக்கவைத்தது. அந்தக் கோபமும் சேர்ந்து 2011-இல் ஆட்சியை மாற்றியது. 2012-இல் வெட்டு இன்னும் கூடியது. 2016 நவம்பர் 8 ராத்திரி நோட்டு செல்லாது என்றார்கள். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து அந்த முகங்களைப் பார்த்தவன் நான். எத்தனை பேருக்கு வேலை என்பதைக் கோட்டையும் டெல்லியும் கூட்டலாம், குறைக்கலாம். யாருக்கு வேலை என்பதை அந்த "எந்தப் பக்கம்?"தான் முடிவு பண்ணுகிறது. அந்தக் கேள்வி எந்தத் தேர்தலிலும் தோற்றதில்லை.

வடக்கே பெயருக்குப் பின்னாலேயே சாதி தொங்கும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகை விளம்பரம் பார்த்துத் தனியார் கம்பெனிகளுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்த ஆய்வு. மேல்சாதிப் பெயருக்குக் கிடைத்த நேர்காணல் வாய்ப்பில் தலித் பெயருக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நாம்தான் பெயரில் சாதியை வெட்டிவிட்டோமே என்று தமிழர் மார்தட்டலாம். வெட்டியது வாலைத்தான். பாம்பு தெருப்பெயரில் சுருண்டு கிடக்கிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது. பட்டறை கேட்டில் நிற்கிறவன் ஆவணத்தையா பார்க்கிறான்?

"தகுதி பார்க்க வேணாமா?" என்று கேட்பார்கள். 1928-இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டத்தகாதவர் நுழைய முடியாது. அறுந்த நூலை வாயால் ஈரம் பண்ண வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு. அந்த வருச வேலைநிறுத்தத்தின்போது, அந்தக் கதவைத் திறக்கச் சொன்னார் அம்பேத்கர். அன்று எச்சில். இன்று அதற்கு 'நம்பிக்கை' என்று பேர். மச்சான் மகனுக்கு மாமன்தான் தகுதிச் சான்றிதழ்.

"என் பட்டறை, என் காசு" என்பது அடுத்த வாதம். யார் காசு? அம்பத்தூர் தொழிற்பேட்டையை 1960-களில் உருவாக்கியது அரசு. 1970-இல் பிறந்த சிட்கோ மனை கொடுக்கிறது, கொட்டகை கொடுக்கிறது. கடனுக்கு ஈடு இல்லையா? 2000-இல் தொடங்கிய உத்தரவாத நிதி பின்னால் நிற்கிறது. அதற்கு மேல் மானியம். வாங்கும்போது பொதுச்சொத்து, ஆள் எடுக்கும்போது தனிச்சொத்து!

2020-இல் வந்த உதயம் பதிவுப் படிவத்தைப் பாருங்கள். முதலாளி என்ன பிரிவு என்று கேட்கிறது. வேலை செய்கிறவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கேட்கிறது. அந்தத் தொழிலாளிகள் என்ன பிரிவு என்று மட்டும் கேட்காது. எண்ணாத கணக்கை எவன் கேட்பான்?

ஆட்சி மாறினால் எல்லாம் மாறும் என்று போஸ்டர் ஒட்டும் நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 2004-இல் டெல்லியில் ஆட்சி மாறியது. தனியார் துறையில் இடஒதுக்கீடு பற்றித் தேசிய அளவில் பேசுவோம் என்று குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் எழுதினார்கள். பேசினார்கள். முதலாளிகள் சங்கம் 2006-இல் 'நாங்களே மனமுவந்து செய்வோம்' என்றது. சட்டம் வரவே இல்லை.

இருக்கிற சட்டமாவது நடக்கிறதா? 1961-ஆம் வருசத் தொழில் பழகுநர் சட்டத்தில் 1973-இல் 3ஏ பிரிவைச் சேர்த்தார்கள். குறிப்பிட்ட தொழில்களில் பழகுநர் எடுக்கும்போது பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு முதலாளி இடம் ஒதுக்க வேண்டும். தனியார் முதலாளிக்கும் பொருந்தும். எத்தனை கட்சி வந்துபோனது, எந்த மேடையில் இதைக் கேட்டீர்கள்?

2023-இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. நம்மில் சிலர் முதலாளி ஆகட்டும். ஆனால் நூறு வீட்டுக்கு ஒரு முதலாளி வந்தால் மிச்சம் தொண்ணூத்தொம்பது வீட்டுக்கு யார் பதில்?

ஆகவே ஓட்டுக் கேட்டு வருகிற எந்தக் கொடியிடமும் நாம் கேட்க வேண்டியது இதுதான். சிட்கோ மனையும் அரசு உத்தரவாதக் கடனும் மானியமும் வாங்கும் பட்டறை, யாரை வேலைக்கு எடுத்தது என்று வருசா வருசம் கணக்குக் காட்ட வேண்டும். 3ஏ பிரிவை அமல்படுத்து. தனியார் துறையில் இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் போடு.

குமணன் தலையைக் கொடுத்தது அவன் பெருந்தன்மை. எங்களுக்கு எவன் தலையும் வேண்டாம், எவன் பெருந்தன்மையும் வேண்டாம். நாங்கள் பரிசில் வாங்க வந்தவர்கள் இல்லை. லேத் ஓட்டத் தெரிந்தவர்கள். கேட்டைத் திற.