அரைப் பேர்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் சொற்களைப் பல்லாண்டுகளாகக் குறித்து வருகிறேன். பிரட்டு, லயம், கங்காணி, கைக்காசு என நீளும் அவ்வரிசையில் என்னை அமைதியாக இருக்கவிடாத சொல் ஒன்றுண்டு. அது 'பேர்'. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். "இந்த மாதம் எத்தனை பேர்?" என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால், அவள் கேட்பது வேலை நாட்களின் கணக்கை.

கூலியும் பெயரும் ஒரே சொல்லாய் நிற்கும் வழக்கு வேறெத் தொழிலில் உண்டு? அதிகாலையில் பிரட்டுக்களத்தில் நின்று, மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, மலையேறி இறங்கியவளுக்கு அந்நாள் முழு நாளே. அவள் முதுகு பாதியாக வலித்ததில்லை. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்தது போக, எஞ்சிய நிறை சிறிது குறைந்ததென்று கணக்கப்பிள்ளையின் பேனா அவள் பேரைப் பாதியாக்கிவிடுகிறது.

பணியாளரை மதிக்கும் பண்பாடு பற்றி இன்று நிறுவனங்கள் கருத்தரங்கு நடத்துகின்றன. நல்லதே. ஆயினும் கண்டிச் சீமையில் அப்பேச்சைத் தொடங்குவோர் லூல்கந்துரையிலிருந்து தொடங்குதல் வேண்டும். அங்கேதான் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1892இல் அவர் மறைந்தபோது, தொழிலாளர் முறை மாற்றி முறை மாற்றி அவருடலைக் கண்டி மகியாவை இடுகாடு வரை சுமந்து வந்தனர் என்பது வரலாறு. அக்கல்லறையில் அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் உள்ளன. சுமந்த தோள்களுக்குரியோர் பெயர் அங்கே இல்லை. டெய்லரை நான் குறை கூறவில்லை. பெயர் பொறிக்கும் வழக்கு யார் மட்டில் நின்றுவிட்டது என்பதையே சுட்டுகிறேன்.

நம்மவருக்கு இவ்வழக்கு புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும், எவ்வூரிலிருந்து வந்தனர், எத்தெருவில் எவ்வீட்டில் குடியிருந்தனர் என்பதையும், ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்ற ஊதியத்தையும் கல்லில் வெட்டுவித்தான். அவர்கள் விரும்பி வந்தனரா என்பது வேறு வினா. ஆனால் அவருள் எவர் பெயரும் பாதியாக வெட்டப்படவில்லை.

"மதிப்பு வயிற்றை நிரப்புமா? முதலில் சம்பளத்தைப் பேசும்" என்பார் நண்பர் சிலர். நியாயமான தடை. 2015இல் எழுந்த ஆயிரம் ரூபாய் நாட்கூலிக் கோரிக்கை சட்டப்படி நிறைவேற 2021 ஆயிற்று. ஆனால் அந்த ஆயிரமும் முழுப் பேர் விழுந்தால்தானே கைக்கு வரும்? பேரைப் பாதியாக்கும் உரிமை ஒரு பக்கத்தார் கையிலேயே இருக்கும்வரை, ஏற்றிய கூலியும் ஏட்டளவில் நின்றுவிடும். இங்கே மதிப்பும் சம்பளமும் இரண்டல்ல.

மாற்ற முடியாத வழக்கமென்று கூறுவோரும் உளர். கடன்பட்ட தொழிலாளியை ஒரு சீட்டின் வழியே தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறையும் அப்படித்தான் பேசப்பட்டிருக்கும். அது 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிசாரின் குண்டுக்கு இரையான கோவிந்தனின் பெயரை மலையகம் இன்றும் முழுமையாகச் சொல்லுகிறது. சாவுக்குப் பின் தரும் முழுப் பெயரை வாழ்நாளில் தரத் தடை என்ன?

என்னிடம் பயிலும் பிள்ளைகளுட் சிலர், பெற்றோர் தொழில் என்னும் இடத்தை வெறுமையாக விட்டுத் தாளை நீட்டுகின்றனர். நான் வற்புறுத்துவதில்லை. 'கூலி' என்னும் சொல் உழைப்பின் விலையிலிருந்து உழைப்பவனின் பெயராய் இறங்கிய கதை அவ்வெற்றிடத்தில் இருக்கிறது. அதனை இலக்கண வகுப்பில் ஆகுபெயர் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

தோட்ட நிருவாகத்தாரிடம் நான் கேட்பவை பெரியனவல்ல. நிறுவைத் தராசின் முகம் கொழுந்து பறித்தவளை நோக்கித் திரும்பட்டும். கழித்த நிறையும் அதன் காரணமும் அவள் வாசிக்கக்கூடிய தமிழில் ஒரு சீட்டாக அன்றே அவள் கைக்கு வரட்டும். "ஏய்" என்பதை விடுத்துப் பெயர் சொல்லி அழைக்கட்டும். நிறை குறைந்த நாளில் அதற்குரிய காசைப் பற்றிப் பேசித் தீர்க்கலாம். செக்ரோலில் பேர் மட்டும் முழுதாய் விழட்டும்.