எத்தனை பவர் சார்?

டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி: 'எத்தனை பவர் சார்?' கடைக்காரரும் அட்டைப்பெட்டியைத் தட்டி '525 மடங்கு' என்பார். 60 மி.மீ. லென்ஸில் 525 என்பது பச்சைப் பொய். லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் இரண்டு மடங்குதான், அதுவும் வானம் ஒத்துழைத்தால், உருப்படியாகத் தெரியும். அதாவது 120. அதற்கு மேல் தெரிவதெல்லாம் பெரிதாக்கப்பட்ட மங்கல். இரண்டு ராத்திரி பார்த்துவிட்டுப் பையன் அலுத்துப்போவான். டெலஸ்கோப் பரணுக்குப் போகும். கூடவே அவனுடைய ஆர்வமும்.

என் சண்டை இந்தப் பொய்யோடு மட்டும் இல்லை. வானத்தில் எல்லாமே பொடிசு, பெரிதாக்கினால்தான் தெரியும் என்ற எண்ணத்தோடு. கிரகங்களுக்கு இது சரி. மற்றவை? ஆண்ட்ரோமீடா காலக்ஸி மூன்று டிகிரிக்கு மேல் நீண்டு கிடக்கிறது. ஆறு முழு நிலாவை வரிசையாக அடுக்கின நீளம். கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய இரண்டு டிகிரி. ஓரியன் நெபுலா ஒரு டிகிரி. காலக்ஸியும் நெபுலாவும் சின்னவை இல்லை ஐயா, மங்கலானவை!

அமெச்சூர்கள் விரும்பி வாங்கும் எட்டு அங்குல ஷ்மிட்-காஸிகிரெயின் டெலஸ்கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குவிதூரம் 2032 மி.மீ. அதாவது எஃப்/10. ஒண்ணேகால் அங்குல ஐபீஸ் போட்டுத் தலைகீழாக நின்றாலும் முக்கால் டிகிரி வானம்தான். கார்த்திகையைப் பார்த்தால் கூட்டம் தொலைந்துபோய்ச் சில நட்சத்திரங்கள் மிஞ்சும். சாவித் துவாரம் வழியாகக் கல்யாணம் பார்ப்பது போல.

இதற்கு மருந்து ஃபோகல் ரெட்யூசர். உள்ளங்கையில் அடங்கும் லென்ஸ் தொகுதி. டெலஸ்கோப்பின் பின்பக்கம் திருகினால் குவிதூரம் 0.63 மடங்காகச் சுருங்கி 1280 மி.மீ. ஆகும். எஃப்/10, எஃப்/6.3 ஆகும். முக்கால் டிகிரி, ஏறக்குறைய ஒண்ணேகால் டிகிரியாக விரியும். போட்டோ எடுப்பவர்களுக்கு இன்னும் லாபம். நெபுலா போன்ற பரந்த சங்கதிகளுக்கு, ஒரு பிக்ஸலில் பத்து நிமிஷத்தில் சேர்ந்த வெளிச்சம் நாலே நிமிஷத்தில் சேர்ந்துவிடும்.

'நடுவில் இன்னொரு கண்ணாடியா? பிம்பம் கெட்டுவிடும்' என்று மூக்கைச் சுளிக்கும் ஆசாரசீலர்கள் உண்டு. சிலி நாட்டில் பரனால் மலைமேல் 8.2 மீட்டர் ராட்சத டெலஸ்கோப்புக்காகச் செய்த 'ஃபோர்ஸ்' கருவியின் பெயர் விரிவே ஃபோகல் ரெட்யூசர் என்றுதான் ஆரம்பிக்கிறது. லடாக்கில் ஹான்லேயில் உள்ள நம் 2 மீட்டர் சந்திரா டெலஸ்கோப்பின் நிறமாலைக் கேமராவிலும் இதே தத்துவம்தான். அவர்களுக்கு ஆகாத தீட்டு உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அதற்காக இதை மந்திரக்கோல் என்று விற்பவர்களையும் நம்பாதீர்கள். ரெட்யூசர் ஒரு ஃபோட்டானைக்கூட அதிகமாகச் சேர்க்காது. அது முன்பக்க விட்டத்தின் வேலை. சனியின் வளையம் பார்க்க இது வேண்டாம், கழற்றி வையுங்கள். கேமரா அதற்கென்று சொன்ன தூரத்தில் இருக்க வேண்டும். தப்பினால் ஓரத்து நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கும். பெரிய சென்ஸாரில் மூலைகள் இருட்டும். இதையே ஒரு டாப்ஸோனியனில் மாட்டினால் பெரும்பாலும் ஃபோகஸே கிடைக்காது.

அடுத்த முறை கடையில் 'எத்தனை பவர்?' என்று கேட்காதீர்கள். 'எவ்வளவு வானம் தெரியும்?' என்று கேளுங்கள். கடைக்காரர் திருதிருவென்று விழித்தால், அடுத்த கடை.