பழைய மெஷினை அணைக்கும் முன்



"இந்த வாரம் மைக்ரேஷன் இருக்கு டீச்சர், ஊருக்கு வர முடியாது." ஐ.டி.யில் இருக்கும் என் பிள்ளைகள் பலர் சொல்லும் பதில் இது. அது என்ன வேலை என்று அவர்களிடமே கேட்டுப் புரிந்துகொண்டேன். அதைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு.

உறவினர்களுக்காக முதலில் விளக்கம். ஈராசிரியர் பள்ளியில் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் நடக்கும். அறை ஒன்று, பாடமும் வருகைப் பதிவேடும் தனித்தனி. விர்ச்சுவல் மெஷினும் அப்படித்தான். ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகள் தனித்தனியாக இயங்கும்படி மென்பொருள் ஏற்பாடு செய்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1972லேயே இதற்கென வி.எம்./370ஐ அறிவித்தது. 2023 நவம்பரில் வி.எம்.வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கி, நிரந்தர உரிமத்தை நிறுத்திச் சந்தா முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் பல நிறுவனங்கள் தங்கள் மெஷின்களை வேறு கிளவுடுக்கு மாற்றும் வேலையில் இறங்கின. மாற்றும்போதே வேண்டாததைக் கழித்து, எண்ணிக்கையையும் குறைக்கிறார்கள்.

செலவு குறைவது நல்லதுதான். ஆனால் எண்ணிக்கை குறைந்ததை மட்டும் வெற்றி என்று கொண்டாடுவதை நான் ஏற்கவில்லை.

"ஆறு மாதமாக யாரும் தொடவில்லை, அணைத்துவிடலாம்" என்கிறார்களாம். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை யார் தினமும் புரட்டுகிறார்கள்? முப்பது வருடம் கழித்து ஒருவர் பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு வருவார். அன்று அது இல்லையென்றால் அவர் கதி என்ன? வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் கணக்கு வேலை ஏதாவது அந்த மெஷினில் இருக்கலாம். பயன்படுத்துபவரைத் தேடிக் கேட்காமல் அணைக்கக் கூடாது.

அடுத்தது அவசரம். இங்கிலாந்தின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். இருந்த இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில்தான் முழுச் சோதனை நடந்தது என்பது பிறகு விசாரணையில் தெரியவந்தது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தது. 709 அரசு கணினிச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் தரவுக்கு வெளியில் நகல் இல்லை. போனது போனதுதான்.

ஆகவே பிள்ளைகளே, நகர்த்துவதைவிட விசாரிப்பதும், சோதிப்பதும், வேறு ஊரில் நகல் வைப்பதும்தான் பெரிய வேலை. பழைய இடத்துக்குத் திரும்பும் வழியையும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். மேலதிகாரி தேதி குறித்துவிட்டார் என்பதற்காகத் தலையாட்டாதீர்கள். "இன்னும் தயாராகவில்லை சார்" என்று எழுத்தில் சொல்லுங்கள். அந்த மெஷினுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் சம்பளமோ பென்ஷனோ இருக்கிறது.

இந்த வேலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். பொங்கலுக்காவது ஊருக்கு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்