நான்கு மணி நேரத் தொலைவு



சென்ற திங்கள் ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த சிற்றூரில் ஓர் இல்லத்திற்கு ஆறுதல் கூறச் சென்றிருந்தோம். கணவரை அடக்கம் செய்து ஏழு நாள்களே ஆகியிருந்தன. வாகைக்குளம் நோக்கிச் சென்ற விமானம் ஒன்று வாழைத் தோட்டங்களின்மேல் இரைந்து கடந்தது. அந்தத் தாய் அதனை அண்ணாந்து பார்த்தார். "சாமி, துபாய் அவ்வளவு தூரமா?" என்று வினவினார்.

நாம் கணக்கைக் கூறினோம். துபாயிலிருந்து திருவனந்தபுரத்திற்கு வான்வழியே ஏறக்குறைய 2,950 கிலோமீட்டர். விமானம் அதனை நான்கு மணி நேரத்தில் கடந்துவிடும். துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. ஆகவே அங்கே காலை 10 மணிக்கு ஏறுகிறவன், நம் கடிகாரப்படி பிற்பகல் 3.30 மணியளவில் இறங்குவான். பின்னர் நாகர்கோவில், திருநெல்வேலி வழியாக வீடு வந்து சேரக் காரில் இன்னும் நான்கு மணி நேரம். கடல் கடந்த தொலைவுக்கு ஆகும் நேரமே, இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவான சாலைக்கும் ஆகிறது! எப்படியாயினும் காலையில் புறப்பட்ட மகன் இரவுக்குள் வீட்டில் இருக்கலாம்.

ஆனால் இம்மகன் மூன்றாம் நாள்தான் வந்தான். தந்தையின் முகத்தை அவன் காணவில்லை. விமானத்தில் இடம் இருந்தது. உடன் வேலை செய்வோர் சீட்டுக்குப் பணமும் திரட்டித் தந்தனர். அவனுடைய கடவுச்சீட்டோ, வேலை கொடுத்தவரின் அலுவலகப் பெட்டகத்தில் இருந்தது. அன்று விடுமுறை, திறவுகோல் வைத்திருந்தவர் ஊரில் இல்லை. நான்கு மணி நேரத் தொலைவு மூன்று நாளாக நீண்ட கதை இதுவே.

1541 ஏப்ரல் 7-இல் லிஸ்பனில் கப்பலேறிய புனித சவேரியார், 1542 மே 6-இல்தான் கோவாவை அடைந்தார். பதின்மூன்று மாதங்கள்! வான்வழியே அது ஏறக்குறைய 8,300 கிலோமீட்டர். நம் முத்துக்குளித்துறையில் உழைத்த அவர், தோழர்களின் மடல்களிலிருந்து அவர்தம் கையொப்பங்களை வெட்டியெடுத்துத் தம்மோடு வைத்திருந்தார். அன்று காற்றும் கடலும் மனிதரைப் பிரித்தன. இன்று பிரிப்பது ஒரு பெட்டகத்தின் பூட்டு. காற்றை யாரும் கடிந்துகொள்ள இயலாது. பூட்டு மனிதர் இட்டதன்றோ?

கடவுச்சீட்டு இந்திய அரசின் உடைமை என்பது நம் நாட்டுச் சட்டம். தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கலாகாது என்பது ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம். பெற்றோரே, அயல்நாட்டில் இருக்கும் பிள்ளையிடம் சம்பளத்தைப் பற்றி விசாரிக்கிறீர்கள், இதனையும் விசாரியுங்கள். அவசரத்திற்கு ஒரு பயணச்சீட்டின் விலையை அவன் பெயரில் தனியே சேமித்து வையுங்கள். வீடு கட்டும் பணத்தில் அதனைச் சேர்க்க வேண்டாம்.

விடுப்பு முடிந்து மகன் புறப்பட்ட நாளில் நாமும் அங்கிருந்தோம். அந்தத் தாய் அழவில்லை. பெட்டியை வண்டியில் ஏற்றும்போது ஒன்றே ஒன்று கேட்டார்:

"ஐயா, இந்தத் தடவை பாஸ்போர்ட் யார் கையிலே இருக்கும்?"