பையன் தலையா, பந்தா?

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை காலை. புல் தரையில் சின்னப் பசங்க முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கோட்டுக்கு வெளியே அப்பா, அம்மா, தாத்தா என்று ஒரு கூட்டம். நடுவில் விசிலோடு ஒரு ஆள்.

அவர்தான் ரெப்ரி. பல இடங்களில் அவருக்குச் சம்பளம் கிடையாது. அவரும் யாரோ ஒரு பையனின் அப்பாதான். ஒரு சின்ன பயிற்சி வகுப்பு முடித்துவிட்டு விசிலை வாங்கிக்கொண்டவர். அவர் தலையில்தான் இன்று எல்லா பாரமும் விழுகிறது.

ரக்பி முரட்டு ஆட்டம். பந்தோடு ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்து வீழ்த்தலாம். சடுகுடுவில் பாடி வருபவனை அமுக்குவது மாதிரி. ஆனால் இங்கே இரண்டு பேரும் முழு வேகத்தில் வந்து மோதுகிறார்கள். தோள் போக வேண்டிய இடத்தில் தலை போய்விட்டால்?

போனது! 2011 ஜனவரியில் வட அயர்லாந்தில் ஒரு பள்ளி ஆட்டம். 14 வயசு மாணவன். தலையில் அடி பட்டது. எழுந்து ஆடினான். மறுபடியும் அடி. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் சுருண்டு விழுந்தான். இரண்டே நாளில் உயிர் போய்விட்டது. முதல் அடி ஆறுவதற்குள் விழுந்த அடுத்த அடியால் மூளை வீங்கியதே காரணம் என்று 2013-ல் மரண விசாரணையில் தெரிந்தது.

அந்தப் பையனை முதல் அடியிலேயே உட்கார வைத்திருந்தால்? பெற்ற மனசு இந்தக் கேள்வியை விடுமா? விடவில்லை. அவன் குடும்பம் ஊர் ஊராகப் பேசியது.

2016-ல் 70-க்கும் மேற்பட்ட டாக்டர்களும் பேராசிரியர்களும் பிரிட்டிஷ் அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். பள்ளி ரக்பியில் ஆளைப் பிடித்துத் தள்ளுவதையே தடை செய்யுங்கள் என்றார்கள். அரசு கேட்கவில்லை.

நாடாவைப் பிடுங்கு

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 7 வயசுக்கு உட்பட்ட பசங்க அணிக்கு 4 பேர்தான். 8 வயசுக்கு உட்பட்டவர்கள் 6 பேர். இவர்கள் ஆளைத் தள்ளவே கூடாது. இடுப்பில் பெல்ட், அதில் இரண்டு நாடா. நாடாவைப் பிடுங்கினால் ஆளைப் பிடித்த கணக்கு. அடுத்த பிரிவில்தான், அணிக்கு 7 பேராக, தள்ளுகிற ஆட்டம் ஆரம்பம்.

நல்ல ஏற்பாடு. ஆள் குறைந்தால் நோஞ்சான் பையன் கைக்கும் பந்து வருமே! நியூசிலாந்தில் பல இடங்களில் வயசோடு எடையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். அதுவும் சரிதான். 11 வயசில் ஒருத்தன் அப்பா உயரம் இருப்பான், இன்னொருத்தன் தம்பி மாதிரி இருப்பான்.

குழப்பம் வந்தது 2023-ல். இனி இடுப்புக்கு மேலே பிடிக்கக் கூடாது என்று ஜனவரி 19-ந் தேதி இங்கிலாந்து ரக்பி சங்கம் அறிவித்தது. உள்ளூர் ஆட்டம், பள்ளி ஆட்டம் எல்லாவற்றுக்கும். ஆடுகிறவனைக் கேட்கவில்லை, விசில் ஊதுகிறவனையும் கேட்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். 27-ந் தேதி சங்கமே மன்னிப்புக் கேட்டது! பிறகு கோடு மேலே ஏறியது. நெஞ்செலும்பு முடிகிற இடம் வரை பிடிக்கலாம் என்று ஜூலை 1 முதல் விதி.

நோக்கம் நியாயமானது. பிரான்ஸ் 2019-லேயே உள்ளூர் ஆட்டங்களில் இடுப்பு வரை என்று இறக்கிவிட்டது. ஆனால் அவசரத்தில் அறிவித்து, அடுத்த வாரமே மாற்றினால் ரெப்ரி பேச்சை யார் மதிப்பாங்க?

அவர் பாட்டைப் பாருங்கள். ஓடுகிற பையன் கடைசி நொடியில் குனிகிறான். நெஞ்சுக்கு நீட்டிய கை கழுத்தில் விழுகிறது. தப்பு பிடித்தவன் மேலா, குனிந்தவன் மேலா? கண் இமைக்கிற நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். வெளியே இருந்து "கண்ணு தெரியலையா?" என்று கத்தல் வேறு. கத்துகிறவர் புது விதியைப் படித்திருக்க மாட்டார்!

நியூசிலாந்தில் ஒரு நல்ல வழி. பையன் தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே ரெப்ரி நீல அட்டையை நீட்டுவார். பையன் வெளியே. அன்று திரும்பி வர முடியாது. ரெப்ரி வாயால் சொன்னால் கோச் பேரம் பேசுவார். அட்டையை ஊரே பார்க்கிறது.

பிரிட்டனிலும் 2023 ஏப்ரலில் அரசு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. சந்தேகம் என்றால் உட்கார வை. 21 நாளைக்குள் போட்டிக்குத் திரும்பக் கூடாது. காகிதத்தில் சரி. மூணாவது வாரம் இறுதி ஆட்டம் இருந்தால்? "எனக்கு வலியே இல்லப்பா" என்று பையனே பொய் சொல்வான். அப்பாவும் நம்ப ஆசைப்படுவார்.

ஆகவே அந்த அட்டையை இங்கிலாந்துக் குழந்தைகள் ஆட்டத்துக்கும் கொண்டு வரட்டும். விதி மாறுவதானால் செப்டம்பரில் பருவம் தொடங்குவதற்கு முன்பே ரெப்ரி கைக்கும் பெற்றோர் கைக்கும் வந்து சேரட்டும். கோட்டுக்கு வெளியே கத்துகிற அப்பாவை மைதானத்தை விட்டே அனுப்பட்டும், மகன் எவ்வளவு நன்றாக ஆடினாலும்.